டைனமிக் எஸ்கியூஎல்லுக்குள் போட்ட டெம்ப் டேபிள் வெளியே வந்ததும் ஏன் காணாமல் போகிறது?

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கணக்கையும் கணனியையும் சேர்த்துப் பார்க்கிற தங்கச்சி ஒருவரின் கேள்வி இது. மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்திலிருந்து, சி ஷார்ப்பில் எழுதிய ஒரு செயலி வழியாக, போகத்துக்கு ஒரு நெல் வரவு அறிக்கை எடுக்கிறார். இடது பக்கம் கொள்வனவு நிலையங்கள், மேலே நெல் இனங்கள். இனங்கள் போகத்துக்குப் போகம் மாறுவதால் நிரல்களை முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. அதனால் வினவலை ஒரு எழுத்துச் சரமாகக் கட்டி, எக்ஸிக் என்ற கட்டளையால் ஓடவிடுகிறார். இதைத்தான் டைனமிக் எஸ்கியூஎல் என்பார்கள். அடியில் மொத்த வரி சேர்க்க வேண்டும் என்பதற்காக, அந்தச் சரத்துக்குள்ளேயே செலக்ட் இன்டூ போட்டு விடையை #அறிக்கை என்ற டெம்ப் டேபிளில், அதாவது தற்காலிக டேபிளில், வைக்கிறார். அடுத்த வரியில் அதைத் தொட்டால் 'இன்வாலிட் ஆப்ஜெக்ட் நேம்' என்று 208ஆம் இலக்கப் பிழை. யாரோ சொன்னதைக் கேட்டு # ஐ ## ஆக்கினார், வேலை செய்தது. பெரும்போக அறுவடை நேரம் இரண்டு பேர் ஒரே சமயத்தில் அறிக்கை எடுத்தபோது 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பிழை வந்தது. மேலே 'இருந்தால் அழி' என்று ஒரு வரி சேர்த்தார். பிழை நின்றது, எண்கள் கலக்கத் தொடங்கின. இனி என்ன செய்வது, டேபிள் வேரியபிள் உதவுமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, உங்கள் டேபிள் காணாமல் போகவில்லை. அது பிறந்த இடத்திலேயே செத்துப்போனது. இதை மட்டும் வடிவாக விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தன்னால் வரும். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது வழக்கம்போலத் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒற்றை # போட்ட டேபிள் 'செஷன் முடியும்வரை', அதாவது சர்வரோடு நீங்கள் திறந்த இணைப்பு முடியும்வரை, இருக்கும் என்றுதான் பெரும்பாலான குறிப்புகளில் எழுதியிருக்கும். அது பாதி உண்மை. செஷனின் மேல் மட்டத்தில், அதாவது நீங்கள் வினவல் ஜன்னலைத் திறந்து நேரடியாகத் தட்டிய இடத்தில், உருவாக்கியிருந்தால் மட்டும்தான் செஷன் முடியும்வரை இருக்கும். சர்வரிலேயே சேமித்துவைத்த கட்டளைத் தொகுப்பான ஒரு ஸ்டோர்டு புரொசீஜருக்குள் உருவாக்கினால் அந்த புரொசீஜர் முடிந்ததும் போய்விடும். எக்ஸிக் என்று ஒரு சரத்தை ஓடவிடும்போதும் இதே கதைதான். செஷன் மாறுவதில்லை, ஆனால் சர்வர் ஒரு மட்டம் கீழே இறங்கி அந்தச் சரத்தைத் தனி வேலையாக ஓட்டுகிறது. வேலை முடிந்து மேலே ஏறும்போது, கீழே பிறந்த # டேபிள்களையெல்லாம் துடைத்துவிட்டு வருகிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம், ஒரு நிமிடத்தில் சோதித்துப் பாருங்கள். எத்தனை மட்டம் கீழே இருக்கிறோம் என்று சொல்வது @@நெஸ்ட்லெவல்; வெறும் ஜன்னலில் 'செலக்ட் @@நெஸ்ட்லெவல்' என்று ஓடவிடுங்கள், 0 வரும். அதையே மேற்கோளுக்குள் வைத்து எக்ஸிக் செய்யுங்கள், 1 வரும். சரத்தை ஓட்டுகிற இன்னொரு கட்டளையான எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்கியூஎல் மூலம் ஓட்டினால் 2. அந்த 1, 2 தான் உங்கள் டேபிள் கிடந்த ஆழம்.

கீழே பிறந்தது மேலே வராது. மேலே பிறந்தது கீழே தெரியும். வேளாண்மை செய்கிற ஊரில் இதைச் சொல்ல அதிக நேரம் எடுக்காது. வயலில் சூடடிக்க வெட்டிய களவெட்டியை வீட்டுக்குத் தூக்கிவர முடியாது, சூடடித்த வேலை முடிந்ததும் அது அங்கேயே புல் மூடிப் போகும். ஆனால் வீட்டிலிருந்து படங்கு கொண்டுபோனால், நெல்லை அதில் வாரிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரலாம். டெம்ப் டேபிளை வெளியே கிரியேட் செய்துவிட்டு, சரத்துக்குள் இன்சர்ட் மட்டும் செய்வது படங்கு கொண்டுபோகிற வேலை. நீங்கள் செய்தது களவெட்டியைத் தூக்கப் பார்த்த வேலை.

இனி அந்த இரட்டை ## பற்றி. அது எல்லாச் செஷன்களுக்கும் தெரிகிற பொது டேபிள். சர்வர் முழுக்க அந்தப் பெயரில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒற்றை # அப்படி இல்லை. நீங்களும் பக்கத்து மேசைக்காரரும் ஒரே நேரத்தில் #அறிக்கை என்று உருவாக்கினால், தற்காலிக டேபிள்களை சர்வர் வைக்கிற டெம்ப்டிபிக்குள் இரண்டு தனித்தனி டேபிள்கள் இருக்கும். நீங்கள் வைத்த பெயருக்குப் பின்னால் அடிக்கோடுகளை நிரப்பி, கடைசியில் ஒரு தனி இலக்கத்தையும் ஒட்டி சர்வரே வேறுபடுத்திக்கொள்கிறது. ஒற்றை # டேபிளுக்கு 116 எழுத்துக்கு மேல் பெயர் வைக்க விடாததும் அந்த ஒட்டுக்கு இடம் வேண்டும் என்பதால்தான். ## டேபிளுக்கு இந்த ஒட்டு வேலை நடப்பதில்லை. நீங்கள் வைத்த பெயர்தான் முழுப் பெயர்.

இதில் நானும் சூடு பட்டவன்தான். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு, நிவாரணப் பட்டியல் தயாரித்த ஒரு கந்தோரில் சில கிழமை உதவிக்கு இருந்தேன். கிராமத்தைத் தெரிவுசெய்தால் குடும்பப் பட்டியல் வர வேண்டும். நான் எழுதியதிலும் மேலே 'இருந்தால் அழி', பிறகு ## டேபிளை உருவாக்கு, பிறகு இரண்டு இடத்திலிருந்து இரண்டு இன்சர்ட், கடைசியில் செலக்ட். தனியாகச் சோதித்தபோது அச்சாக வேலை செய்தது. ஒருநாள் படுவான்கரைக் கிராமம் ஒன்றின் பட்டியலுக்கு நடுவில் கடற்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் வரிசையாக வந்து நின்றன. "இந்த ஆக்கள் எங்கட பக்கம் இல்லையே" என்று கிராம சேவகர் ஒருவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நடந்தது இதுதான்: முதல் ஆள் தன் முதல் இன்சர்ட்டை முடித்திருக்கிறார். இரண்டாவது ஆளின் ஓட்டம் அந்த டேபிளை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை அதே பெயரில் உருவாக்கியிருக்கிறது. முதல் ஆளின் இரண்டாவது இன்சர்ட் அந்தப் புதிய டேபிளுக்குள் போய் விழுந்திருக்கிறது. பிழைச் செய்தி ஒன்றுமே இல்லை. பிழை வந்து நிற்கிற புரோகிராமைவிட, பிழை வராமல் தவறான எண் தருகிற புரோகிராம்தான் எனக்குப் பயம். உங்கள் எண்கள் கலந்ததும் பெரும்பாலும் இதே வழியில்தான் இருக்கும்.

## இன்னொரு விதத்திலும் காலை வாரும். உருவாக்கிய செஷன் முடிந்து, அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற மற்றவர்களும் விட்ட பிறகுதான் அது அழியும். உங்கள் செயலி இணைப்புகளைச் சேர்த்துவைத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கிறதென்றால், நீங்கள் 'மூடு' என்று சொன்ன பிறகும் அந்தச் செஷன் உள்ளே உயிரோடு கிடக்கும், டேபிளும் கிடக்கும். கட்டாயம் ## தான் வேண்டுமென்றால் பெயரின் பின்னால் @@எஸ்பிஐடி (உங்கள் செஷனின் இலக்கம்) போன்ற தனி இலக்கம் ஒன்றை ஒட்டலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த டேபிளைத் தொடுகிற ஒவ்வொரு வரியையும் சரமாகத்தான் எழுத வேண்டிவரும். ஒரு முள்ளை எடுக்க நாலு முள் குத்திக்கொள்வதுபோல. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

சரி, உங்கள் அறிக்கைக்கு வருவோம். என் கருத்தில், நீங்கள் பிவட் செய்த, அதாவது இனங்களை நிரல்களாக விரித்த, அகலமான விடையை டெம்ப் டேபிளில் வைக்கவே தேவையில்லை. நீங்கள் அதை வைத்தது அடியில் மொத்த வரி சேர்க்கத்தான். அந்த மொத்தத்தை அகலப்படுத்துவதற்கு முன்னாலேயே, தரவு நெடுக்காக இருக்கும்போதே சேர்த்துவிடலாம். நெடுக்கு என்றால் இப்படி:

நிந்தவூர், கீரிச்சம்பா, 1,240
நிந்தவூர், நாடு, 3,610
அக்கரைப்பற்று, நாடு, 2,875

மூன்றே நிரல்கள்: நிலையம், இனம், கிலோ. இனம் மூன்றாக இருந்தாலும் முப்பதாக இருந்தாலும் நிரல்கள் மூன்றுதான். ஆகவே இந்த டேபிளின் வடிவம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். டைனமிக் எதுவும் வேண்டாம், வெளியே சாதாரணமாக கிரியேட் டேபிள் #வரவு என்று உருவாக்கலாம். இந்தப் போகத்தின் தரவைக் கூட்டி, சாதாரண இன்சர்ட்டில் போடலாம். அப்புறம் மொத்தத்துக்கு அதே டேபிளுக்குள் இன்னொரு இன்சர்ட்: #வரவுவிலிருந்தே இனவாரியாகக் கூட்டி, நிலையம் என்ற இடத்தில் 'மொத்தம்' என்று எழுதுங்கள். மேலே உள்ள மூன்று வரிக்கு இரண்டு புதிய வரிகள் வரும்:

மொத்தம், கீரிச்சம்பா, 1,240
மொத்தம், நாடு, 6,485

இதை அகலப்படுத்தும்போது 'மொத்தம்' தானாகவே இன்னொரு நிலையம்போல ஒரு வரியாக வந்து நிற்கும். வலது பக்கத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் கூட்டு வேண்டுமென்றாலும் இதே வித்தைதான், இனம் என்ற இடத்தில் 'கூட்டு' என்று போட்டு நிலையவாரியாகக் கூட்டுங்கள். 'மொத்தம்' அடியில் வரவேண்டும் என்பதற்காக வரிசை என்று ஒரு சின்ன எண் நிரலும் சேர்த்துக்கொள்ளுங்கள், சாதாரண நிலையத்துக்கு 0, மொத்தத்துக்கு 1.

கடைசிப் படி மட்டும்தான் டைனமிக். இனங்களின் பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் சதுர அடைப்புப் போடுகிற கோட்நேமுக்குள் விட்டு, காற்புள்ளியால் இணைத்து ஒரு பட்டியல். இணைப்பதற்கு 2017 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிங்_அக் இருக்கிறது. அதற்குள் திரும்ப வருகிற பெயர்களை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட முடியாது, ஆகவே முதலில் தனித்த பெயர்களை உள் வினவலில் எடுத்துவிட்டு வெளியே இணைக்க வேண்டும். அந்தப் பட்டியலைச் சரத்தில் இரண்டு இடத்தில் பொருத்துகிறீர்கள்: பிவட்டின் 'இன்' அடைப்புக்குள் ஒன்று, மேலே செலக்டில் ஒன்று. அந்த நிலையத்துக்கு வராத இனத்தின் கட்டம் 'நல்' ஆக, அதாவது மதிப்பே இல்லாமல் வெறுமையாக இருக்கும். அதை 0 ஆக்க வேண்டுமென்றால் செலக்டுக்கு மட்டும் இன்னொரு பட்டியல், ஒவ்வொரு பெயரையும் இஸ்நல்லால் சுற்றியது. பிறகு எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்கியூஎல். சரத்துக்குள் #வரவு என்று எழுதியிருப்பீர்கள். அது மேலே பிறந்தது, ஆகவே கீழே தெரியும். விடை நேராகத் திரைக்குப் போகும். திரும்ப மேலே கொண்டுவர ஒன்றுமே இல்லை.

பிவட்டில் ஒரு இடம் மட்டும் கவனம். மூலத்தில் நீங்கள் விட்டுவைக்கிற எல்லா நிரல்களையும் வைத்து அது வரிகளைப் பிரிக்கும். திகதி நிரலை மறந்து உள்ளே விட்டுவிட்டால், நிந்தவூர் ஒரு வரியாக வராமல் நாளுக்கு ஒரு வரியாகச் சிதறும். ஆகவே பிவட்டுக்கு முன்னால் தேவையான நிரல்களை மட்டும் எடுக்கிற ஒரு உள் செலக்ட் வையுங்கள். வரிசை எண்ணால் பிரச்சினை வராது, ஒரு நிலையத்துக்கு ஒரே எண்தானே.

இன்னொன்று, அறிக்கையைக் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸிலோ மைக்ரோசாப்டின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸிலோ காட்டுகிறீர்கள் என்றால் அந்தக் கடைசிப் படியும் தேவையில்லாமல் போகலாம். ஒன்றில் கிராஸ்டேப், மற்றதில் மேட்ரிக்ஸ். இரண்டும் நெடுக்குத் தரவை வாங்கி, தாங்களே நிரல்களை விரித்துக் காட்டும். சொல்லப்போனால் அவற்றுக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிற நிரல்கள் பிடிக்காது, வடிவமைக்கும்போதே நிரல்களின் பெயரைக் கேட்கும். எக்ஸெலுக்குக் கொடுப்பதென்றாலும் பிவட் டேபிள் இருக்கிறது. அகலப்படுத்துவது காட்சிக்கான வேலை, அதை இயன்றவரை காட்சிப் பக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

அப்படியென்றால் டைனமிக் எஸ்கியூஎல்லின் விடையை டெம்ப் டேபிளுக்குள் வாங்க வேண்டிய தேவையே வராதா? வரும். சில இடங்களில் பழைய அமைப்புகள் ஆண்டுக்கு ஒரு டேபிளாகப் பிரித்து வைத்திருக்கும், வரவு_2022, வரவு_2023 என்று. டேபிளின் பெயரை பராமீட்டராக, அதாவது சரத்துக்கு வெளியே இருந்து கொடுக்கிற மதிப்பாக, கொடுக்க முடியாது, சரம் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் விடையின் வடிவம் தெரிந்ததுதான். அப்போது வெளியே #வரவு உருவாக்கி, 'இன்சர்ட் இன்டூ #வரவு எக்ஸிக் சரம்' என்று வாங்கலாம். அல்லது இன்சர்ட்டைச் சரத்துக்குள்ளேயே எழுதலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். இன்சர்ட் எக்ஸிக் ஒன்றுக்குள் இன்னொன்று வந்தால் சர்வர் ஒத்துக்கொள்ளாது, 8164 என்று பிழை தந்து நின்றுவிடும். இன்று ஒற்றை மட்டத்தில் எழுதுவீர்கள், அடுத்த வருடம் வேறொருவர் உங்கள் புரொசீஜரின் விடையை இன்சர்ட் எக்ஸிக்கால் வாங்கப் பார்ப்பார், அன்றைக்கு உடையும்.

நிரல்களே மாறுகிற அகலமான விடையைத்தான் டெம்ப் டேபிளில் வைத்தாக வேண்டும், அதற்கு மேல் பல படி கணக்கு இருக்கிறது என்றால், அதற்கும் வழி உண்டு. வெளியே நிலையம் என்ற ஒரே நிரலோடு #அகலம் என்று ஒரு குட்டி டேபிள் உருவாக்குங்கள். சரத்துக்குள் 'ஆல்டர் டேபிள் #அகலம் ஆட்' என்று இனங்களை நிரல்களாகச் சேருங்கள். டேபிள் மேலே பிறந்ததால், கீழே போய் நிரல் சேர்த்தாலும் மேலே வந்ததும் சேர்த்தபடியே இருக்கும். அழகான வழிதான். ஆனால் அந்த நிரல்களின் பெயர் வெளியே இருக்கிற உங்கள் புரோகிராமுக்குத் தெரியாதே? ஆகவே அடுத்தடுத்த கணக்குகளும் சரமாகத்தான் வரும். அப்படிப் பார்த்தால் எல்லாவற்றையும் ஒரே சரத்துக்குள் போட்டுவிடுவதும் ஒன்றுதான்: செலக்ட் இன்டூ #அறிக்கை, அதே சரத்தில் மொத்தம், அதே சரத்தில் கடைசி செலக்ட். உங்கள் பழைய புரோகிராமை இன்றைக்கே ஓடவைக்க வேண்டுமென்றால் இதுதான் ஆகச் சுருக்கமான திருத்தம். வெளியே இருக்கிற இரண்டு வரியையும் சரத்துக்குள் தள்ளி, இரட்டை ## ஐ ஒற்றையாக்கிவிடுங்கள். நாளைக்கு ஆறுதலாக நெடுக்கு வழிக்கு மாறலாம்.

டேபிள் வேரியபிளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், @ போட்டு டிக்ளேர் செய்வது. அது இந்த வேலைக்கு உதவாது. அது தன் மட்டத்தைத் தாண்டிக் கீழேயும் தெரியாது. சரத்துக்குள் தொட்டால் 'முதலில் டிக்ளேர் செய்' என்று 1087 பிழை. டேபிள் டைப் ஒன்று உருவாக்கி எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்கியூஎல்லுக்கு பராமீட்டராக அனுப்பலாம்தான், ஆனால் உள்ளே வாசிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது.

இனி நம்மைப் போலத் தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருக்காலாவது விழுகிற குழி. நீங்கள் நிலையத்தின் பெயரைச் சரத்துக்குள் ஒட்டுகிறீர்கள் என்று வையுங்கள்: வேர் நிலையம் சமன், மேற்கோளுக்குள் மட்டக்களப்பு. சரம் முழுவதற்கும் முன்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருக்கிறீர்கள், சரத்தை யூனிகோட் எழுத்துக்கான என்வார்சாரில்தான் வைத்திருக்கிறீர்கள். பிரின்ட் செய்து பார்த்தால் மட்டக்களப்பு அழகாகத் தெரிகிறது. ஓடவிட்டால் ஒரு வரியும் வரவில்லை. ஏனென்றால் வெளி மேற்கோளுக்கு முன்னால் மட்டும்தான் என் இருக்கிறது, உள் மேற்கோளுக்கு முன்னால் இல்லை. கீழ் மட்டத்தில் சர்வர் அதை யூனிகோட் அல்லாத சாதாரண வார்சார் சொல்லாக வாசிக்கிறது. யுடிஎஃப்-8 இல்லாத வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளை எப்படி வைத்து ஒப்பிடுவது என்ற சர்வரின் விதி) தமிழுக்கு அங்கே இடமில்லை, ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்குறி ஆகிறது. மட்டக்களப்பு என்பது நமக்கு எட்டு எழுத்து, கணனிக்கு 12 குறிகள், புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி. ஆக உங்கள் வினவல் ???????????? என்ற பெயருள்ள நிலையத்தைத் தேடிவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்று அமைதியாகத் திரும்பிவருகிறது. இங்கேயும் பிழைச் செய்தி கிடையாது. சும்மா ஒரு ஜன்னலில், முன்னால் 'என்' இல்லாமல் மட்டக்களப்பை மேற்கோளுக்குள் வைத்து 'செலக்ட்' என்று ஓட்டிக் கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்கள், 12 இருக்கும்.

இதற்கு உள் மேற்கோளுக்கு முன்னாலும் ஒரு 'என்' போடுவது ஒரு மருந்து. அதைவிட நல்ல மருந்து, மதிப்புகளைச் சரத்தில் ஒட்டவே ஒட்டாமல், எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்கியூஎல்லுக்குப் பராமீட்டராகக் கொடுப்பது. போகம், நிலையம், திகதி எல்லாம் பராமீட்டர். டேபிள் பெயரும் நிரல் பெயரும் மட்டும்தான் பராமீட்டராகப் போக முடியாதவை, அவற்றைக் கோட்நேம் வழியாக மட்டும் ஒட்டுங்கள். அது சதுர அடைப்புப் போடுவதோடு நிற்பதில்லை. பெயருக்குள் மூடும் அடைப்பு இருந்தால் அதையும் இரட்டிப்பாக்கிவிடும், அப்போதுதான் இனத்தின் பெயர் என்ற இடத்தில் யாரும் வேறு கட்டளையை நுழைக்க முடியாது. உங்கள் ஆலையில் யார் அப்படிச் செய்யப்போகிறார்கள் என்று நினைப்பீர்கள். கெட்ட எண்ணம் தேவையில்லை, தட்டச்சுப் பிழையே போதும். 128 எழுத்துக்கு மேல் கொடுத்தால் கோட்நேம் நல்லைத் திருப்பித் தரும், அதையும் ஞாபகம் வையுங்கள்.

ஏனென்றால் நல் என்பது சரம் கட்டுகிறவர்களின் பெரிய சத்துரு. கூட்டல் குறியால் ஒட்டும்போது நடுவில் ஒரு துண்டு நல்லாக இருந்தால் முழுச் சரமும் நல். நல் சரத்தை எக்ஸிக் செய்தால் சர்வர் ஒன்றும் சொல்லாது, ஒன்றும் செய்யாது, 'வெற்றிகரமாக முடிந்தது' என்று மட்டும் வரும். பாதி நாள் போய்விடும். சரத்தை என்வார்சார் மேக்ஸ் என்று டிக்ளேர் செய்யுங்கள், இல்லாவிட்டால் 4000 எழுத்தில் வெட்டுப்படும். சரியாக டிக்ளேர் செய்த பிறகும் பிரின்ட் 4000 எழுத்து மட்டும்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டுச் சரம் அறுந்துபோனது என்று ஏமாற வேண்டாம், செலக்ட் செய்து பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் செயலி சி ஷார்ப்பில் இருக்கிறது என்பதால். சில பேருக்கு டைனமிக் எஸ்கியூஎல்லே எழுதாமல் இதே 208 வரும். முதல் கட்டளையில் # டேபிள் உருவாக்குவார்கள், அதே இணைப்பில் இரண்டாவது கட்டளையில் வாசிப்பார்கள். நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை. என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால், முதல் கட்டளைக்கு ஒரு பராமீட்டர் சேர்த்தேன் என்பார்கள். பராமீட்டர் இல்லாத கட்டளை மேல் மட்டத்திலேயே ஓடும். பராமீட்டர் சேர்த்ததும் அது எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்கியூஎல்லுக்குள் சுற்றப்பட்டு சர்வருக்குப் போகிறது. பிறகென்ன, பழைய களவெட்டிக் கதைதான். டேபிளை உருவாக்குகிற கட்டளையைப் பராமீட்டர் இல்லாமல் தனியாக ஓட்டிவிட்டு, நிரப்புகிற கட்டளையில் பராமீட்டர் கொடுத்தால் தீர்ந்தது.

சின்ன விஷயம் இரண்டு. # டேபிளில் பிரைமரி கீ போடும்போது அதற்குப் பெயர் வைக்க வேண்டாம். டேபிளின் பெயருக்கு ஒட்டுப் போடுகிற சர்வர் அந்தக் கீயின் பெயருக்குப் போடுவதில்லை, இரண்டாவது ஆள் ஓட்டும்போது மோதும். சர்வரின் கொலேஷனும் உங்கள் டேட்டாபேஸின் கொலேஷனும் வேறாக இருந்தால், #வரவுவின் பெயர் நிரலை உண்மையான டேபிளோடு இணைக்கும்போது 468 பிழை வரும். நிரலை உருவாக்கும்போதே 'கொலேட் டேட்டாபேஸ்_டிஃபால்ட்' என்று சேர்த்தால் சரி.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் உங்களோடு படித்தவர்கள், போஸ்ட்கிரஸ் என்ற வேறு தரவுத்தளத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்லியிருப்பார்கள். சொன்னது சரி. அங்கே ஒரு ஃபங்ஷனுக்குள் எக்ஸிக்யூட்டால் உருவாக்கிய டெம்ப் டேபிள் செஷன் முடியும்வரை இருக்கும், 'ஆன் கமிட் டிராப்' என்று நீங்களாகச் சொன்னாலொழிய. அதனால் அங்கே தொல்லை மறுபக்கம்: அதே ஃபங்ஷனை அதே செஷனில் இரண்டாம் முறை கூப்பிட்டால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று வரும். மையெஸ்கியூஎல்லிலும் டெம்ப் டேபிள் செஷனுக்குச் சொந்தம், பிரிப்பேர் செய்து ஓட்டினாலும் நிற்கும். ஆனால் ஒரே வினவலில் ஒரே டெம்ப் டேபிளை இரண்டு தடவை குறிப்பிட்டால் 'கான்ட் ரீஓப்பன் டேபிள்' என்று மறுத்துவிடும். ஆரக்கிள் வேறு உலகம்: அங்கே வழக்கமான தற்காலிக டேபிளின் வடிவம் நிரந்தரம், உள்ளே இருக்கிற தரவு மட்டும்தான் தற்காலிகம்.

திருத்தி எழுதிய பிறகு, தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று விடாதீர்கள், நான் அப்படித்தான் ஏமாந்தேன். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் இரண்டு ஜன்னல் திறவுங்கள். புரொசீஜருக்குள் முதல் இன்சர்ட்டுக்கும் மொத்தம் போடுகிற இன்சர்ட்டுக்கும் நடுவில் 'வெயிட்ஃபார் டிலே' என்று 20 செக்கன் போடுங்கள். ஒரு ஜன்னலில் சிறுபோகம், மற்றதில் பெரும்போகம் கொடுத்து, ஐந்து செக்கன் இடைவெளியில் இரண்டையும் ஓடவிடுங்கள். பழைய ## புரோகிராமையும் இதே மாதிரி ஒருமுறை ஓட்டுங்கள், எண்கள் கலப்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு அந்த வெயிட்ஃபார் வரியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை எடுக்க மறந்து, 'சர்வர் மெதுவாகிவிட்டது' என்று ஒரு கிழமை ஏச்சு வாங்கினேன்.